பின்பக்கத்துக் கதை

12 ஜூன் 1967

பள்ளி திறந்தாயிற்று. நூலக அலமாரிச் சாவி இன்றிலிருந்து என் கையில்! எச்.எம். அம்மா அதைக் கொடுக்கும்போதே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். "பவுலின், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதைப் புஸ்தகம் குடுக்கணும்னு நீதான் ஒத்தைக்கால்ல நின்ன. எந்த வீட்ல இருந்தாச்சும் பிராது வந்துச்சு, சாவி திரும்ப எங்கிட்ட வந்துரும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு ஓடிவந்தேன்.

அலமாரியைத் திறந்தால் மேல்தட்டு முழுக்க நரி, காக்கை, முயல். கீழ்த்தட்டில் தாத்தாக்கள் படிக்கும் தடித்தடி நாவல்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. பதினாறு வயதில் ஒருத்தி எதைத்தான் படிப்பாள்?

20 ஜூன்

பதினோராம் வகுப்புச் சிகப்பி புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். செட்டியார் வீட்டுப் பெண், கடைசி பெஞ்சு, வாய் சும்மா இருக்காது. "டீச்சர், இதுல எல்லாரும் நல்லவுகளாவே இருக்காக. ரெண்டு பக்கம் படிச்சா தூக்கம் வருது."

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து நானும் படித்துப் பார்த்தேன். தூக்கம் வந்தது.

25 ஜூன்

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சிங்கம்புணரிக்குப் பஸ். அக்கா வீட்டுப் பரண் நிறைய பழைய வாரப் பத்திரிகைகள். தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணி வைக்காத வீடு இந்தச் சீமையில் உண்டா? பள்ளிக்கூடம் மட்டும் ஏன் அதைச் செய்யக்கூடாது? மூன்று பையன்கள் கட்டுமரத்தில் ஒரு தீவுக்குப் போகிற கதை அகப்பட்டது. உட்கார்ந்த இடத்திலேயே அத்தனை தாளையும் கிழித்தேன். மூக்கெல்லாம் தூசி. பஸ்ஸில் தும்மிக்கொண்டே வந்தேன்.

பைண்டர் தங்கச்சாமியிடம் கொடுத்திருக்கிறேன். நீலக் காலிகோத் துணி அட்டை.

10 ஜூலை

போன வாரம் வகுப்பில் தீவுக் கதையைச் சொன்னேன். நடுக்கடலில் கட்டுமரம் உடைகிற இடம்வரை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். "அப்புறம் டீச்சர், அப்புறம்?" என்று ஒரே கூச்சல். அலமாரியைக் காட்டினேன். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்!

இதுதான் வழி. பாதியில் நிறுத்த வேண்டும். யார் வாங்கினாலும் இரண்டே நாளில் புத்தகம் கை மாறுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

28 ஜூலை

மானம் போயிற்று.

தீவில் பையன்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று வகுப்பில் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு களுக்கென்று சிரிக்கிறார்கள். கடைசியில் சிகப்பிதான் உடைத்தாள். "நாங்க முன்பக்கம் படிக்கல டீச்சர். பின்பக்கம்தான் படிச்சோம்."

நான் கிழித்தபோது முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். தாளுக்குப் பின்னால் வேறொரு தொடர்கதை, அதுவும் துண்டு துண்டாக! மற்றவர்கள் பைண்டு பண்ணும்போது அந்தப் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டுவார்கள். எனக்கு இருந்த அவசரத்தில் அது எங்கே தோன்றியது?

சாயங்காலம் அந்தப் பின்பக்கங்களை மட்டும் படித்தேன். வசந்தி என்று ஒரு பெண். பதினேழு வயது. நர்ஸ் படிப்புக்கு வீட்டுக்குத் தெரியாமல் கிளம்புகிறாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், கண்டக்டர் வருகிறார் — அவ்வளவுதான். அடுத்த தாளில் அந்தத் துண்டே இல்லை.

மாதாவே, அவள் போய்ச் சேர்ந்தாளா இல்லையா?

3 ஆகஸ்ட்

மூன்றாம் பீரியடில் எச்.எம். அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. உள்ளே சிகப்பியின் அம்மா கண்ணம்மை ஆச்சி. மடியில் என் நீல பைண்டு. தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். எச்.எம். அம்மா என் இடுப்புச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது நல்லாருக்கா உங்களுக்கு?" என்று ஆச்சி ஆரம்பித்தார். "வயசுப் பிள்ளை தனியா பஸ்ஸுல ஏறி உக்காந்துருக்கு. கண்டக்டரு டிக்கெட்டு கேக்குறான். என்னாச்சோன்னு திருப்புனா, பயலுக மீனைச் சுட்டுத் தின்னுக்கிட்டு இருக்கானுக! மிச்சத்தை எங்க வச்சிருக்கீக?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எச்.எம். அம்மா, "ஆச்சி, இது பிராதா இல்லையா?" என்று கேட்டார். "பிராதுதான். பாதிக் கதையைக் குடுத்தா பிராது சொல்ல மாட்டாகளா?" என்றார் ஆச்சி.

அவர் வீட்டு மாடியில் அந்த வருடத்துப் பத்திரிகை பூராவும் கட்டிக் கிடக்கிறதாம். சாவி என்னிடமே இருக்கிறது!

6 ஆகஸ்ட்

பூசையில் மனம் நிற்கவில்லை. முடிந்ததும் நேரே ஆச்சி வீடு. ஆச்சி, சிகப்பி, நான், மூவரும் மாடியில் உட்கார்ந்து கிழித்தோம். வசந்தி போய்ச் சேர்ந்துவிட்டாள்! கண்டக்டர் நல்ல மனிதர்.

ஆச்சி கடைசி அத்தியாயத்தை முதலில் எடுத்துப் படிக்கப் பார்த்தார். "ஆத்தா, வையி அதை!" என்று சிகப்பி பிடுங்கினாள். "முடிவு தெரியலைன்னா எனக்கு நெஞ்சு படபடங்குதுடி" என்றார் ஆச்சி. அப்படியும் விடவில்லை நாங்கள்.

9 அக்டோபர்

தனியாக பைண்டு பண்ணிய நர்ஸ் கதை ஓயாமல் சுற்றுகிறது. அட்டை நைந்துவிட்டது. இனி யாராவது 'இந்த வயசுக்கு என்ன கதை குடுக்குறது' என்று கேட்கட்டும், பேசிக்கொள்கிறேன்.

14 நவம்பர்

சிகப்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தை மாதம், கண்டரமாணிக்கத்தில் மாப்பிள்ளை. மார்ச்சில் பரிட்சை. கல்யாணத்துக்குப் பிறகு பரிட்சைக்கெல்லாம் அனுப்ப முடியாதென்று மாமியார் கண்ணாத்தாள் ஆச்சி சொல்லிவிட்டாராம். மலேயாவில் இருக்கும் அவள் அப்பச்சி, அதுதான் அப்பா, வாக்குக் கொடுத்துவிட்டார், தள்ளிப்போடவும் முடியாது.

அப்படி என்ன அவசரம்? பத்து வருசம் படிச்ச பிள்ளை, ஒரு ரெண்டு மாசம் பொறுக்க மாட்டாகளா? பரிட்சை எழுதினா குடியா முழுகிரும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது — யாரிடம் போய்க் கத்துவது?

சிகப்பி போகும்போது, "பரிட்சை எழுதிட்டா பாஸ் பண்ணிருவேன், இல்ல டீச்சர்?" என்று கேட்டாள்.

3 டிசம்பர்

கண்ணம்மை ஆச்சி வீடு தேடி வந்தார். சம்பந்தியிடம் எத்தனையோ சொல்லிப் பார்த்தாராம், அசையவில்லையாம். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி. "டீச்சர், பிள்ளைகளுக்கெல்லாம் என்ன கதை படிக்கன்னு சொல்றீகளே, எங்க சம்பந்தியாளுக்கு எது புடிக்கும்? புஸ்தகம்னா அவுகளுக்கு உசுரு. பத்திரிகை வார அன்னைக்கு வாசல்லயே நிப்பாக."

நர்ஸ் கதை என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அப்ப அதையே குடுங்க. எங்க வீட்டுப் பத்திரிகைதானே" என்றார். இருப்பது ஒரே பிரதி. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கொடுத்துவிட்டேன். பட்டுத்துணியில் புது அட்டை போடப் போகிறாராம்.

1 பிப்ரவரி 1968

கல்யாணம். எப்பேர்ப்பட்ட கூட்டம்! வீட்டு உள்முற்றம், அந்த வளவு முழுக்கச் சாமான் பரப்பியிருந்தார்கள். எவர்சில்வர், பித்தளை, எனாமல், கால் வைக்க இடமில்லை. மாமியாருக்கென்று கொடுக்கிற மாமியார் சாமான் தனியாக ஒரு பக்கம். அதன் நடுவில், வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், சிவப்புப் பட்டு அட்டையில் நம் நர்ஸ் கதை! பார்க்க வந்த பெண்டுகள் எல்லோரும் அதைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

ஆசையாக எடுத்துப் புரட்டினேன். கடைசி அத்தியாயத்தைக் காணோம். பாவி தங்கச்சாமி, விட்டுவிட்டான்! ஆச்சியைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவர் என் கையை நறுக்கென்று கிள்ளினார்.

"சத்தம் போடாதீக. அது எம் பெட்டியில பத்திரமா இருக்கு. சம்பந்தியா மார்ச்சு மாசம் மருமகளைப் பரிட்சைக்குக் கூட்டிக்கிட்டு இங்குட்டு வரட்டும், குடுக்குறேன்."

மணவறையிலிருந்து சிகப்பி எங்களைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும் போல. குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

22 பிப்ரவரி

கண்டரமாணிக்கத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. படிக்கவே ஆரம்பிக்கவில்லையோ?

11 மார்ச்

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. சிகப்பியுடையது என் மேசையிலேயே கிடக்கிறது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். ஒரு கதையை நம்பிப் பிள்ளையின் பரிட்சையை விட்டோமே, எங்கள் இருவருக்கும் என்ன புத்தி!

25 மார்ச்

முதல் மணி அடித்தது. சிகப்பியைக் காணோம். வாசலுக்கும் ஹாலுக்கும் எத்தனை தடவை நடந்தேனோ. அப்போதுதான் ஒரு பிளஷர் கார் வந்து நின்றது. புதுத் தாலி, கையில் பேனா, இறங்கி ஓடி வந்தாள். ஹால் டிக்கெட்டை அவள் கையில் திணித்து உள்ளே தள்ளினேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

பின்னாலேயே கண்ணாத்தாள் ஆச்சி இறங்கினார். கையில் சிவப்பு பைண்டு. வேப்பமரத்தடியில் நின்றிருந்த சம்பந்தியிடம் நேரே போனார். "ஏன்த்தா, இதுதான் மாமியா சாமானா? மூணு வாரமா எனக்குச் சோறு எறங்கல. அந்தப் பொண்ணுக்கு வேலை கெடச்சுச்சா இல்லையா? பரிட்சைக்குக் கூட்டியாந்தாத்தான் மிச்சம்னு உங்க மக சொல்லுச்சு, கூட்டியாந்துட்டேன். குடுங்க இங்குட்டு!"

கண்ணம்மை ஆச்சி, சிகப்பி ஹாலுக்குள் உட்கார்ந்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் மடியிலிருந்து தாள்களை எடுத்தார்.

பரிட்சை முடிவதற்குள் கண்ணாத்தாள் ஆச்சி அத்தியாயத்தை முடித்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தமிழ் ஒன்றுதான் ஆகியிருக்கிறது, மீதிப் பரிட்சைக்கெல்லாம் அனுப்புவாரா? கண்ணம்மை ஆச்சியின் பெட்டியில் இனி அத்தியாயம் கிடையாது.

கண்ணாத்தாள் ஆச்சி என்னிடம் வந்தார். "நீங்கதானே கதை சொல்ற டீச்சரு? வேற என்ன வச்சிருக்கீக?"

அவரை அங்கேயே உட்காரவைத்து, மூன்று பையன்கள் கட்டுமரத்தில் ஏறிய கதையை ஆரம்பித்தேன். நடுக்கடலில் கட்டுமரம் உடைகிற இடத்தில் பரிட்சை முடிகிற நீண்ட மணி அடித்தது. நிறுத்திவிட்டேன்.

"அப்புறம்?" என்றார்.

"நாளைக்கு இங்கிலீஷ் பரிட்சை ஆச்சி. சிகப்பியோட வாங்க, சொல்றேன்" என்றேன்.