ஒரே மெட்டு இரண்டு தரம்

14 ஜூன் 1986, சனி

லண்டனுக்குப் பக்கத்தில் எப்சமில் மகளோடு இருக்கும் எங்கள் பழைய பாண்ட் மாஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். கொழும்பு நடன விருந்துகளில் ஸ்விங் இசை வாசித்த காலத்தில் அவர் பியானோ, நான் ட்ரம்பெட். ஆளாளுக்கு வாசிக்க வேண்டியதை அவரே எழுதித் தருவார். எனக்கோ இசைத்தாள் வாசிக்கத் தெரியாது. தாளை முன்னால் விரித்துவைத்து, பக்கத்து சாக்ஸபோனைக் கேட்டு அப்படியே ஊதிவிடுவேன். அதை இன்றுதான் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“பத்து வருசமா உங்களை ஏமாத்திப்போட்டன், மாஸ்டர்.”

“எந்தப் பாட்டிலயாவது நீ முதல்ல ஊதினியோடா? சாக்ஸபோன் ஒருக்கா வாசிச்ச பிறகுதானே அதே மெட்டு உனக்கு வரும்? உனக்காக அப்பிடி எழுதினனான்.”

“அப்ப உங்களுக்கு முதல்லயே தெரியுமோ?” என்று கேட்டேன்.

“ஒரே மெட்டை ரெண்டு தரம் எழுதுறன் எண்டு ஊரெல்லாம் பகிடி பண்ணிச் சிரிச்சது. அதைக் கேட்டுத்தான் பெரிய ஹோட்டல்காரர் தங்கட பாண்டுக்கு என்னை எடுக்கேல்லை,” என்று அவரும் சிரித்தார்.

அந்தப் பகிடியைக் கிளப்பிவிட்டதே நான்தான். அதைச் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.