இரண்டாவது ரேம்

இன்று பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய கொம்பியூட்டருக்குக் கூடுதல் மெமரி போடவென்று மூடியைக் கழற்றினேன். சூடேறிய தூசியின் மணம் முகத்தில் அடித்தது. மூடியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். உன் ஞாபகம்தானடி.

அகதி முகாமிலிருந்து திரும்பிய வருடம் அரிப்பு என்ற நம் கடற்கரை ஊரில் ஒரு தகரக் கொட்டிலில் நாமிருவரும் தட்டச்சுக் கடை போட்டோம். மீளக்குடியேற வந்த சனம் காணி மனுக்களோடு வரும். அவர்கள் இல்லாத காலத்தில் ஒருவன் பல குடும்பங்களின் காணிகளை வளைத்து வேலியடைத்திருந்தான். அவர்களுடைய காணி உறுதிப் பத்திரங்களைப் படமெடுத்து மனுவோடு சேர்க்கச் சேர்க்க, நம்முடைய பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி அசையாமல் நின்றுவிடும்.

"இதுக்கு மெமரி காணாதடி. இன்னொண்டு போடுவம்" என்றாய். மன்னாருக்கு பஸ் ஏறிப்போய், யாரோ கழற்றி விற்ற மெமரித் துண்டு, ரேம் ஒன்றோடு வந்தாய்.

செருகினோம். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம். நீ அதைக் கழற்றி, பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்த்துத் திரும்ப வைத்தாய்.

"பயப்படாமல் அமத்து. உடையாது" என்றாய் என்னிடம்.

டக்கென்று இரண்டு பக்கமும் கொளுவிக்கொண்டது. திரை வெளித்தது. உறுதிப் படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நீ கைதட்டிச் சிரித்தாய்.

மூடியைப் பூட்ட ஸ்குறூட்றைவரை எடுத்தேன். அப்போதுதான் வேலிக்காரனின் ஆட்கள் இரண்டு பேர் இரும்புக் குழாய்களோடு உள்ளே வந்தார்கள்.

"உறுதிப் படமெல்லாம் அழி" என்றான் ஒருவன்.

நீ எழும்பவில்லை. "அது சனத்தின்ர சாமான். நான் அழிக்கமாட்டன்."

பெட்டிக்குத்தான் அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடி உன் வாயில் விழுந்தது. பல்லும் இரத்தமும் கீபோட்டில் தெறித்தன. அடுத்தது தலையில். நீ பெட்டிக்கு மேலேயே கவிழ்ந்தாய். மூன்றாவதற்குக் குழாயை ஓங்கியவனின் தோளில் ஸ்குறூட்றைவரைப் பிடிவரைக்கும் இறக்கினேன். அவன் குழறினான். இழுத்தெடுத்துத் திரும்பவும் குத்தினேன். மற்றவன் என் வலது கையை அடித்து முறித்தான். கரையிலிருந்து ஆட்கள் ஓடிவரவே இருவரும் பாய்ந்து தப்பினார்கள்.

உன்னை வாகனத்தில் ஏற்றும்போது, "அனுப்பு" என்றாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாய். அதற்குள் நான் இடது கையால் மனுக்களை அச்செடுத்து மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

காணிகள் கிடைத்தன. உன்னை அடித்தவர்கள் மறியலுக்குப் போய்ச் சிறையிருந்தார்கள். வேலிக்காரன் போகவில்லை.

தவக்காலந்தோறும் என் பாவங்களைச் சொல்ல, கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். ஒரு மனிதனைக் குத்தினேன் என்று சொல்கிறேன். "மனம் வருந்துறீரோ, மகள்?" என்று சுவாமி கேட்பார். இரண்டாம் தரம் குத்தும்போது எனக்குள் பொங்கியது சந்தோஷம். அதற்காக வருந்த எனக்கு இன்னும் ஏலாமல் இருக்கிறது. ஓம் என்று அந்த இடத்தில் பொய் சொல்லவும் வாய் வருவதில்லை. மன்னிப்பு வாங்காமலே எழும்பி வீட்டுக்கு வருகிறேன்.