மதிலுக்கு அந்தப் பக்கத்து நிழல்

ஜனவரி 12

கொப்பியே, சுகமா இருக்கிறாயா? உன்னைத் திறந்து எழுதி எத்தனை நாளாச்சு. பள்ளிக்கூடம் போகாத ஒரு கதைசொல்லியின் எழுத்து இது; காத்தான்குடிக் கடைப் பலகைகளைப் பார்த்துப் பழகினது. வளைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று ஒரு வேலை முடிந்தது. என் மனைவி றஸீனா சாயம் போடுகிற நூல் நிழலில்தான் காய வேண்டும். வெயில் பட்டால் வெளுத்துவிடும். எங்கள் வளவின் தெற்கே பத்தடி மதில். ஒரு கிழமையாகப் பார்த்தேன், அதன் நிழல் பகல் முழுக்க எங்கள் பக்கம்தான். மதிலோரம் நூல் காயவைக்கும் சட்டத்தை நட்டு, கால்களைச் சீமெந்து போட்டு இறுக்கிவிட்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் றஸீனாவின் தங்கச்சி வீடு. இரண்டு வீடும் மாமனார் தன் பெண் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்தவை. தங்கச்சியின் புருஷன் ஷாமில், மேசன். ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தான். அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, சீமெந்து போடாதீங்க. சித்திரைக்குப் பொறகு வெயில் உங்கட பக்கம் வந்திரும்."

"சூரியன் என்ன, வீடு மாறி வாற ஆளா? கதை சொல்றது என்ட வேலை தம்பி. நீ கல்லை அடுக்கு."

ஏணியை விட்டு இறங்கிப் போனான்.

மார்ச் 28

காலை வெயில் சட்டத்தில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. காணாதது மாதிரி இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 9

நடுப்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னம் முற்றத்தில் நின்றேன். என் நிழலைக் காணோம். சூரியன் உச்சந்தலைக்கு நேரே. மதிலுக்கும் நிழல் இல்லை.

ஏப்ரல் 22

ஏறாவூர்க் கல்யாணப் பெண்ணின் சேலைக்கான மாதுளை நிற நூல் ஒரு பக்கம் வெளுத்துப் போச்சு. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள். நெய்யவே பன்னிரண்டு நாள் வேணும். றஸீனா வெளுத்த நூலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ள போயிட்டாள். ஏசியிருந்தாத் தாங்கியிருப்பன். மதிலும் நகரல்ல, நானும் நகரல்ல — நிழல் எப்பிடிப் போச்சு?

ஏப்ரல் 23

றஸீனா ஓ எல் பரீட்சை வரை படித்தவள். முற்றத்தில் ஒரு தேங்காயை வைத்தாள், அதுதான் சூரியன். கையில் நூற்கட்டை, அது பூமி; கொஞ்சம் சாய்த்துப் பிடித்தபடி.

"இது தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தினா ஒரு நாள். தேங்காயைச் சுத்தி வந்து முடிச்சா ஒரு வருஷம். சாய்ஞ்ச தலை எப்பவும் ஒரே திக்கைத்தான் பார்க்கும். தையில தேங்காயை விட்டு விலகி நிக்கும், ஆனியில தேங்காய்ப் பக்கம் சாய்ஞ்சு நிக்கும். அப்ப சூரியன் எங்களுக்கு வடக்கால வரும், மதில் நிழல் தெற்கால விழும்."

அப்போ நகர்ந்தது நாங்கள்தான்! வாவி, பள்ளிவாசல் மினாரா, என் சீமெந்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இந்தப் பெரிய உருண்டை ஓடுது. கோப்பையில் தேத்தண்ணி தளும்பினதில்லை. ஒரு நாள் பிந்தினதுமில்லை.

"வியாழன் கிரகம் பத்து மணித்தியாலத்தில ஒரு சுத்து. சூரியனைச் சுத்தி வர மட்டும் பன்னிரண்டு வருஷம்," என்றாள்.

"அங்க நூல் காய நேரம் காணாது," என்றேன். ரெண்டு நாளில் இப்போதுதான் சிரித்தாள்.

"நிழல் இப்ப ஷாமில்ட பக்கம். போய்க் கேளுங்க."

ஏப்ரல் 24

போனேன். உட்காரக் கதிரை போட்டான்.

"தம்பி, நிழல் உங்கட பக்கம் வந்திரிக்கி."

"சூரியன் வீடு மாறிட்டாரா காக்கா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவன் உளியும் சுத்தியலும் எடுத்து வந்து என் சீமெந்தை உடைத்தான். பிறகு மதிலுக்கு இரண்டு பக்கமும் குழாய் புதைத்தான். இனிச் சட்டத்தைத் தூக்கி எந்தப் பக்கமும் நடலாம். றஸீனா மறுபடி சாயம் காய்ச்சுகிறாள்.

மே 8

சேலை ஏறாவூர் போய்ச் சேர்ந்தது. தலைப்பிலிருந்து கடைசி வரை ஒரே மாதுளை.

செப்டம்பர் 4

நேற்று உச்சி நேரம் மறுபடி நிழல் இல்லை. றஸீனா கணக்குப் பார்த்துச் சொன்ன நாளுக்கே திரும்பி வந்திருக்கு பூமி. கொப்பியே, யோசித்துப் பார்: இது சாயாமல் நேராக நின்று சுற்றியிருந்தால் நிழல் எப்போதும் என் பக்கமே கிடந்திருக்கும். சீமெந்தும் உடைந்திராது, நானும் ஷாமில் வீட்டு வாசல்படி ஏறியிருக்க மாட்டேன். இப்போது பின்னேரத் தேத்தண்ணி அங்கேதான். நேற்று ஷாமில் வெள்ளியைக் காட்டி, அது மற்றப் பக்கமாகச் சுற்றுமாம் என்றான், அது ஏன் என்று கேட்டதற்கு அவன்

"காக்கா! நிழல் உங்கட பக்கம் திரும்பத் தொடங்கிட்டு. வாங்க, சட்டத்தைப் பிடிங்க."

வாறன் தம்பி, இந்த வரியை மட்டும்