பாண்டிமீனா சொன்னது

இன்று காலை அட்டெண்டர் வந்து, உங்கள் மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஸ்டூலைக் காட்டி, "மேடம், இத எடுத்துட்டுப் போகவா? ஆபீஸ்ல கேக்குறாக" என்றார். வேண்டாம் என்றேன். அவர் போன பிறகுதான் கவனித்தேன், அதன்மேல் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருப்பதே நான்தான். நீங்கள் ஓய்வு பெற்றுப் போய் நாலு மாதம் ஆகிறது. ஒரு பிள்ளைகூட அதில் வந்து உட்காரவில்லை.

பிள்ளைகளை எதிரே நிற்கவைத்துப் பேசுவதுதான் நம் கல்லூரி வழக்கம். நீங்கள் மட்டும் பக்கத்தில் உட்காரவைப்பீர்கள். எதுவும் கேட்க மாட்டீர்கள். விடைத்தாள் கட்டில் பாதியைப் பிரித்துக் கொடுத்து, "நம்பர் பாத்து அடுக்கு தாயி" என்பீர்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். வகுப்பில் எழுந்து பெயர் சொல்லவே நடுங்குகிற பிள்ளை, உங்களிடம் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகும். எனக்குப் பொறாமையாக இருக்கும். மென்டர் என்று எனக்கும் இருபது பிள்ளைகளைக் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். "உங்களுக்கு ஓட்டவாய் மேடம், பிள்ளைக எங்கன பேச?" என்று சிரிப்பீர்கள்.

அந்த ஓட்டைவாயால்தான் பாண்டிமீனா விஷயம் வந்தது. என் இருபதில் ஒருத்தி அவள். புதன்கிழமைதோறும் ஏன் வருவதில்லை என்று துருவித் துருவிக் கேட்டேன். அம்மாவோடு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, ஏலக்காய் எடுக்கப் போகிறேன் என்றாள். "கிளாஸ்ல தெரிய வேணாம் மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மூன்றாம் நாள் டிபார்ட்மென்ட் மீட்டிங்கில் அவள் வருகைப்பதிவைக் காப்பாற்றுகிறேன் என்று எல்லார் முன்னாலும் அதைப் போட்டு உடைத்தேன். மறுவாரம் மீட்டிங்கில் இருந்த ஒருவர் வகுப்பிலேயே, "என்னம்மா, இன்னைக்கு மலைக்குப் போகலையா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

நீங்களும் நானும் கம்பத்துக்குப் பஸ் ஏறினோம். வழிநெடுக நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் நீங்கள் பொறுக்கமாட்டாமல், "நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிராதீக மேடம். தப்புன்னு சொல்லிட்டு வாய மூடிக்கங்க" என்றீர்கள். அப்படியே செய்தேன். அவள் அம்மாதான் பதறிப்போனார். "அய்யோ, டீச்சர் போயி இவகிட்ட..." என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாண்டிமீனா தலை நிமிராமல், "சரி மேடம்" என்றாள்.

அடுத்த திங்கள்கிழமை வந்தாள். என் மேசையைத் தாண்டிப் போய் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உங்கள் பட்டியலுக்கே மாறியும் கொண்டாள். சந்தோஷமாக இருந்தது; சுருக்கென்றும் இருந்தது. அதன் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எத்தனையோ தடவை உங்களை நோண்டிப் பார்த்தேன். "அது அவளோடது மேடம். நா எப்படி எடுத்துத் தர?" என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவீர்கள்.

நீங்கள் போனதும் உங்கள் பட்டியலை என்னிடமே கொடுத்தார்கள். அவள் மறுபடி என் கணக்கில் வந்தாள். கையெழுத்துக்கு வருவாள், நிற்பாள், போவாள். கடைசி வருஷம். படிப்பை நிறுத்தப் போகிறாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. கேட்டால் ஒரேயடியாகப் போய்விடுவாளோ என்று பயம். இதையெல்லாம் சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்? மதியம் டப்பாவைத் திறந்தால் எதிரே ஆளில்லை. ருசி தெரியாமல் தின்றுவிட்டு எழுந்திருக்கிறேன்.

நேற்று மாலை கல்லூரிப் பஸ்ஸில், வீரபாண்டி தாண்டியதும் பின்சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னமனூர் வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். நான் இறங்கவேண்டிய உத்தமபாளையம் வந்தது. எழுந்தால் நிறுத்திவிடுவாள் என்று அசையாமல் இருந்தேன். கம்பத்தில் இறங்கும்போது என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மேடம், யார்ட்டயும் சொல்லிர மாட்டீகல்ல?"

"சொல்ல மாட்டேன்."

"காலைல வாறேன் மேடம்" என்றாள். இன்று வந்தாள்.

வேறு பஸ் பிடித்துத் திரும்பும்போது வழியெல்லாம் மனதுக்குள் உங்களிடம் சொல்லிக்கொண்டே வந்தேன், இத்தனை வருஷத்துப் பழக்கம். எப்படி ஆரம்பித்தாள், எங்கே குரல் உடைந்தது என்று ஒன்றுவிடாமல். அதை எழுதத்தான் இந்த மடலையும் எடுத்தேன். இதுவரைக்கும் எழுதிவிட்டேன். அவள் சொன்னதை எழுதப் போவதில்லை மேடம். உங்களுக்குக்கூட.