பதினோரு கையெழுத்து

அம்மணி, நூலகத்தில் பழைய பேப்பரை எடைக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்தேன். நடுவிலிருந்து ஒரு பழைய வருகைப் பதிவேடு விழுந்தது. பிரித்ததும் உங்கள் முத்திரை மை வாசம். கட்டுகிற கயிற்றைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பக்கத்தில் பதினோரு கையெழுத்தைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறீர்கள். பதினொன்றும் நான் போட்டவை.

அப்போது நம் நூலகம் பால் சொசைட்டிக்குப் பின்னால் ஒற்றை அறை. பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து நீங்கள் திறப்பீர்கள், நான் பெருக்குவேன். பேப்பர் பார்க்க நாலு பெரியவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். ஒருநாள் மேலிடத்துக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தீர்கள். பதிவேட்டில் ஆள் கூடாவிட்டால் நூலகத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம்.

மறுநாள் நீங்கள் தபாலாபீஸ் போன நேரம், தேங்காய் நார் மில்லில் வேலை செய்யும் பெண்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நானே எழுதி வைத்தேன். நான் மூன்றாவது வரைதான் படித்தவள். உங்களுக்கு ஒத்தாசை செய்வதாக நினைப்பு.

பார்த்ததும் சிரித்துவிட்டீர்கள். "ஏனுங்கக்கா, பதினோரு பேருக்கும் ஒரே கோணக் கையெழுத்தா இருக்கும்?" அப்புறம் முகம் மாறியது. "பொய்யில நிக்கற லைப்ரரி நமக்கு எதுக்குங்க? ஆளக் கூட்டியாங்க. ஒரு பக்கமாவது படிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

சாப்பாட்டு நேரத்தில் கூட்டிவந்தேன். சேலையெல்லாம் நார் ஒட்டியிருக்க, வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "எங்களையெல்லாம் உள்ள உடுவாங்களா?" என்றாள் அவர்களில் பாப்பாத்தி என்பவள்.

"உங்க லைப்ரரிக்குள்ள வாரதுக்கு யாரைக் கேக்கோணும்? வாங்க, பேன் காத்தாவது வாங்குங்க" என்றீர்கள்.

"காத்து வாங்கறதுக்கும் கையெழுத்துப் போடோணுமா?" என்று அவள் கேட்க, பேப்பர் படித்த பெரியவர்களே சிரித்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்கள் வாசித்தீர்கள். அந்தப் பெண்கள்தான் நூலகத்தை ஊரை விட்டுப் போகாமல் நிறுத்தினார்கள்.

எனக்கு மட்டும் நீங்கள் தனிச் சட்டம் வைத்தீர்கள். நான் ஒரு பக்கத்தை முடித்ததும், "என்ன இருந்துச்சுங்க? சொல்லிப்போட்டுப் பேனாவ எடுங்க" என்பீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். என் வீட்டில் நான் சொல்வதைக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டவர் யாருமில்லை, அம்மணி.

நூலகம் போகவில்லை. நீங்கள்தான் போய்விட்டீர்கள். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோதும், "ரெண்டு நாள்ல வாரேனுங்கக்கா" என்றுதான் சொன்னீர்கள். மூன்றாம் நாளும் உங்கள் மேசையைத் துடைத்து வைத்தேன்.

உங்கள் இடத்தில் இப்போது இருக்கும் அம்மாவும் நல்லவர்தான். என்ன படித்தேன் என்று கேட்காமலே பேனாவை நீட்டுகிறார். நான்தான் வாங்குவதில்லை. இத்தனை மாதமாகப் பெருக்குகிறேன், போகிறேன். ஒரு எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை.

இன்றைக்கு அந்தப் பதிவேட்டை எடைக்குப் போடாமல் எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்தேன். எறும்பு பற்றியது. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முடித்ததும் பழக்கத்தில் உங்கள் நாற்காலியைப் பார்த்தேன். கேட்க ஆளில்லை. அதனால் இங்கிருந்தே உங்களுக்குச் சொல்கிறேன்.

முன்னால் போகிற எறும்பு தரையில் ஒரு வாசனையை விட்டுப் போகுமாம். பின்னால் வருவது அதைப் பிடித்துக்கொண்டே வருமாம். முன்னால் போனது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வழி தப்பாதாம்.

சொல்லிவிட்டேன், அம்மணி. இனிப் பேனாவை எடுக்கிறேன்.