ஹெலனின் கடலோரத் தோட்டம்

எனக்கு முன்னமே போய்விட்ட என் ராசாவுக்கு,

நம் மகன் வந்து குடியேறிய இந்தப் பென்டில் ஹில்லில் எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் ஒரு கிழமையாக வயிறு எரிகிறது. சாப்பாட்டால் இல்லை, நம் மருமகளின் தாய் ஹெலனால்.

பேத்தி மீரா யூனிவர்சிட்டியில் சரித்திரம் படிக்கிறாள் அல்லவா? ஹெலனின் பூட்டன் இருந்த இங்கிலாந்துக் கடலோரக் கிராமத்தைப் பற்றித்தான் கட்டுரை எழுதுகிறாளாம். அந்தக் காலத்து வரைபடத்தைக் குசினி மேசையில் விரித்தாள். நடுவில் தேவாலயம், சுற்றிலும் துண்டு துண்டாய்த் தோட்டங்கள். கடலை ஒட்டிய துண்டில் ஹெலனின் பூட்டன் பெயர்.

காணியில் ஒருவர் பெயர் இருந்தால் அது அவருடையதுதானே? ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? ஹெலனுடையது பிழைக்க வழியில்லாமல் இந்த நாட்டுக்குக் கப்பலேறிய குடும்பம் என்று நினைத்திருந்தேன். காணிக்காரர்களாம்! அன்று வீட்டுக்கு வந்திருந்த ஹெலனின் தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைத்தே போட்டேன்.

வாற மாதம் மீராவும் ஹெலனும் அந்த ஊருக்குப் போகிறார்கள். "கிரான்மாவோட போட்டு வாறன் அப்பம்மா" என்று மீரா துள்ளியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் காணியில ஹெலனுக்கு எத்தனை பரப்பு வரும்?" என்று கேட்டேன்.

மீரா சிரித்தாள். "அது அவையின்ர இல்லை அப்பம்மா! ஊர் முழுக்க ஒரே துரையின்ர. இவை வாடகைக்குப் பயிர் செய்தவை. சேர்ச்சுக்கும் வரி கட்டினவை."

"அப்ப பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சீதனக் காணி?"

"காணியே இல்லை, பிறகென்ன சீதனம்? துரை வீட்டிலயும் நிலமெல்லாம் மூத்த மகனுக்குத்தான்."

நான் கேட்டதைப் பக்கத்தில் இருந்த ஹெலனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஹெலன் சொன்ன பதிலை மீரா தமிழில் சொன்னாள்: "தங்களுக்கு அங்க மிச்சம் ஒரு கல்லறைதானாம். சீதனக் காணி இருக்கிற நீங்கதான் பணக்காரியாம்!"

நானா? ஊரில் அம்மா என் பெயரில் எழுதித் தந்த சீதனக் காணி எட்டுப் பரப்பு. என்னைக் கேளாமல் நீங்கள்கூட அதில் ஒரு பனையைத் தறித்ததில்லை. சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் பிடித்த அந்தக் காணி இன்றைக்கும் அவர்களின் முள்ளுக்கம்பிக்குள். காணி இல்லாதவள் தன் ஊருக்குப் போய்க் கல்லறைக்குப் பூ வைப்பாள். காணிக்காரி நான் வேலிக்கு வெளியே. இது என்ன நியாயம், சொல்லுங்கள்? இப்போது எரிச்சல் இரட்டிப்பு.

"மீரா, நீ போக முதல் காணியை உன்ர பேரில எழுதப்போறன்."

"எனக்கேன்? உள்ளுக்கே போகேலாதே!"

"ஓம், போகேலாது. எண்டாலும் அது எங்கட."

சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போவது; நமக்கு மகள் இல்லை. என் சீதனம் பேத்திக்குத்தான் போகவேண்டும். எழுதி முடித்த பிறகே அவளை விமானம் ஏற்றுவேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அந்தத் துரையின் ஊரில் என் பேத்தி காணிக்காரியாய் நிற்கட்டும். ஹெலன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

மீராவின் அப்பம்மா,
இன்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
பாக்கியம்