ரத்தம் ஆகாத முனி

14 நவம்பர் 2000, செவ்வாய்

ரேஷன் அரிசி வந்தது. பாதி கல். பங்காருபேட்டையில் வாங்கிய நல்லெண்ணெயில் முனிக்கு ஒரு சீசா தனியாக ஊற்றி வைத்து, கணக்கில் வழக்கம்போல ‘முனி எண்ணெய்’ என்று தனி வரி எழுதினேன். சாமி செலவு வீட்டுச் செலவோடு கலக்கக் கூடாது.

மதியம் ஏர்பிளாஸ்ட். பூமிக்கு அடியில் பாறை வெடித்து, வீடு ஒரு தரம் குலுங்கி நின்றது. உள் அறையில் சாமி அலமாரியிலிருந்து குங்குமக் கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் சிவப்பு. அவர் முதல் ஷிப்டில் தங்கச் சுரங்கத்துக்குள் கீழே இருந்தார். வந்து சேரும்வரை கந்தா, கந்தா என்றே இருந்தேன். வந்தவர், “நம்ம லெவல்ல ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

15 நவம்பர்

முனி சாய்ந்துவிட்டார்!

எங்கள் குடியிருப்பு லைன் கோடியில், வேலி போட்ட பாழ் ஷாஃப்ட் குழிக்கு இந்தப் பக்கம் இருக்கிற கல். நேற்றைய அதிர்ச்சியில் மேடை பிளந்து, கல் ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறது. அவரிடம் சொன்னேன். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. கல் சாய்ந்ததற்கு ஒரு மனிதர் இப்படி வெளுத்துப்போவாரா?

3 டிசம்பர், ஞாயிறு

எதிர்வீட்டு இசபெல்லா அக்கா வாசலில் காகித நட்சத்திரம் கட்டினார்கள். ஸ்டூலை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் லைனிலேயே முதல் நட்சத்திரம் அவர்களுடையது. தம்பி ஏனோக்கு, மைன் கழிவு மண் கொட்டிய சயனைடு மேட்டின் மேல் நின்று பார்த்தாலும் வீடு தெரிய வேண்டுமாம்.

ஏனோக்கை நான் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணமாகி வருவதற்கு முன்பே, மைனில் திருடிய தங்கத்தோடு பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று பேச்சு. பைப்படியில் சண்டை வந்தால் பக்கத்து வீட்டு மங்கம்மா இன்றும் ‘கள்ளன் அக்கா’ என்றுதான் வாயைத் திறப்பாள். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

8 டிசம்பர், வெள்ளி

கல்லை எடுத்து நிறுத்தி, ஐயரை வைத்து முறைப்படி பிரதிஷ்டை செய்யலாம் என்றேன். மைன் மூடப்போகிறது என்கிறார்கள். எல்லோரும் சிதறிப்போவதற்குள் நடக்கட்டும் என்று ஒரு ஆசை.

அவர் கத்தினார். என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர். “அந்தக் கல்லத் தொடாத. சொல்லிட்டேன்.”

உடனே போய் ராஜப்பா மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா என் மாமனாரின் கூட்டாளி. பென்ஷன் வாங்குகிற கிழவர், நெஞ்சு முழுக்க மைன் தூசு. நைனா, அதாவது செத்துப்போன என் மாமனார், கனவு கண்டு நட்ட கல், அது எப்படிச் சாய்ந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று இருமலுக்கு நடுவே தீர்ப்பு சொன்னார்.

அந்த முனியே ஒரு அதிசயம். மற்ற லைனில் முனிக்கு ஆடு, சேவல், சுருட்டு, சாராயம் எல்லாம் உண்டு. எங்கள் முனிக்கு ரத்தம் ஆகாது. ஒரு ஆடி மாதம் மங்கம்மா சேவலோடு போனபோது மாமனார் ஓடிப்போய்க் கத்தியைப் பிடுங்கியது நினைவிருக்கிறது. சைவ முனி என்றார். நானும் அதைப் பெருமையாக ஊருக்கெல்லாம் சொன்னேன்.

14 டிசம்பர், வியாழன்

மழையில் ஓடை பெருகிப் பாதையை அறுத்துவிட்டது. மூன்று பக்கம் சயனைடு மேடு, ஒரு பக்கம் தண்ணீர். வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது. அவர் ஷிப்டில். நாளைக்கு வெள்ளிக்கிழமை, சாமி சாய்ந்தே இருப்பதை எப்படிப் பொறுப்பது? கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன்.

சாமிக் கல்லுக்கு அடியில் நவதானியம் இருக்கும், செப்புத் தகடு இருக்கும். இங்கே மண்ணுக்குக் கீழே வெள்ளையாக ஒன்று. மழை ஈரத்தில் பிசுபிசு என்று — சுண்ணாம்பு. கொஞ்சம் இல்லை, மூட்டை மூட்டையாகக் கொட்டியது போல. சாமிக்கு யாராவது சுண்ணாம்பு போடுவார்களா? சுண்ணாம்பு எதற்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மாமனாரைப் புதைத்தபோது பார்த்தேனே.

இன்னும் ஒரு குத்து. மைன் பூட்ஸ் ஒன்றின் அடித்தோல். ஆணி வரிசை அப்படியே இருந்தது.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன். கை கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன்.

15 டிசம்பர்

முனிக்கு விளக்கு வைக்கவில்லை.

19 டிசம்பர், செவ்வாய்

ராஜப்பா மாமா வந்தார். என் வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து.

“இன்னா மருமவளே, சாமிகூட சண்டையா? வெளக்கு காணோமே.”

“அது சாமியா மாமா?” என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: “சுண்ணாம்பு சுடும்மே. கைய வெக்காத. உன் புருசன் கையும் அதுலதான் கீது.”

போகும்போது மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

24 டிசம்பர், ஞாயிறு

இன்று சாயங்காலம் அக்கா வீட்டு நட்சத்திரத்தில் பல்பு எரிந்தது. எங்கள் ஜன்னலுக்கு நேரே. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். ஒவ்வொரு வருஷமும் பனி என்று சொல்லித்தான் சாத்துவார்.

“அது ஏனோக்குதானே?” என்றேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மாமனார், ராஜப்பா, இவர், ஏனோக்கு — நாலு பேரும் பாழ் ஷாஃப்ட்டில் இறங்கித் தங்கக்கல் பெயர்த்து வருவது வழக்கமாம். ஒரு நாள் ஏணி முறிந்து ஏனோக்கு விழுந்தான். கயிறு கட்டி மேலே கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. இடுப்புதான் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எங்கே விழுந்தான் என்று கேட்பார்கள், நாலு பேருக்கும் வேலை போகும், ஜெயில். கொஞ்சம் பார்ப்போம், கொஞ்சம் பார்ப்போம் என்றே மாமனார் சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுநாள் மதியம் போய்விட்டான்.

யாரும் தோண்டக் கூடாது என்று கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கனவில் முனி வந்தார் என்றார்கள். அவன் மேல் ரத்தம் விழ மாமனாருக்கு மனசு வரவில்லை, அதனால்தான் சைவ முனி. பம்பாய்ப் பேச்சைக் கிளப்பியது ராஜப்பா.

எங்கே கிடந்தான் அந்த ஒரு நாளும் என்று கேட்டேன். கண்ணாலேயே காட்டினார். உள் அறை. என் சாமி அலமாரிக்குக் கீழே.

முருகா. இத்தனை வருஷம் நான் யார் தலைமாட்டில் விளக்கு வைத்தேன்?

25 டிசம்பர்

அக்கா கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கலாவும் கேக்கும் அனுப்பினார்கள். அவர் தொடவில்லை. நான் ஒரு துண்டு வாயில் போட்டேன். மீதியைத் தட்டோடு மூடி வைத்தேன்.

14 ஜனவரி 2001, ஞாயிறு

பொங்கல். பெங்களூரிலிருந்து எங்கள் மகன் உதய் வந்திருந்தான். பிள்ளைக்கு எதிரில் நாங்கள் இருவரும் சிரித்துப் பேசினோம்.

அவன் போனபின் அவர் சொன்னார்: “செத்தவன் செத்துட்டான். எங்கியோ உயிரோட கீறான்னு அவளுக்கு ஒரு நெனப்பு கீது. அத ஏன் புடுங்கணும்?”

அதிலும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. தோன்றுவது அக்காவுக்காகவா, எனக்காகவா? இவரைப் போலீஸ் கொண்டுபோனால் நான் என்ன செய்வேன்?

1 மார்ச், வியாழன்

நேற்றோடு மைன் மூடிவிட்டது. இன்று காலை ஷிப்ட் சைரன் இல்லை. ஆம்பிளைகள் சாப்பாட்டு டப்பா இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தெருவில் நிற்கிறார்கள்.

ஈஸ்டர் முடிந்ததும் மகள் அமலா வந்து அக்காவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகிறாளாம். அக்காவுக்குப் போக மனசில்லை. நட்சத்திரத்தை இன்னும் இறக்கவேயில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“கிஷ்ணம்மா, பூட்டு தொங்கினா அவன் திரும்பிப் போயிடுவான். சாவிய உங்கிட்ட குடுத்துட்டுப் போறேன். அக்கா பெங்களூர்ல கீதுன்னு சொல்லு. வருசா வருசம் நட்சத்திரத்த நீ கட்டு.”

பால் பொங்குது என்று பொய் சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

3 மார்ச், சனி

அவரிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சாவியை நான் வாங்க மாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

“ஜெயிலுக்குப் போறேன்டி,” என்றார்.

“சோறு எடுத்துக்கினு வரேன்,” என்றேன். வேறு என்ன சொல்ல? அழக்கூட இல்லை நான்.

4 மார்ச், ஞாயிறு

சர்ச் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்ததும் போனோம். அவரை உட்காரச் சொன்னார்கள். உட்காராமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதியில் கை நின்றது.

“தண்ணி கேட்டானா?” என்றார்கள்.

“கேட்டான். குடுத்தேன்.”

“வேற இன்னா கேட்டான்?”

“உன்னத்தான். அக்காவக் கூப்புடுன்னான்.”

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெரு.

அக்கா எழுந்து நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். உள் அறையில் உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்து, ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்கள். என் சாமிகள் பார்த்துக்கொண்டிருந்தன. எழும்போது சொன்னார்கள்: “எங்கம்மா பக்கத்துல கொண்டாந்து வைக்கணும். ஒளிச்சி இல்ல. ஊரறிய.”

ஊரறிய என்றால் போலீஸ் இல்லாமல் முடியாது. அவருக்கும் தெரியும். சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

22 மார்ச், வியாழன்

இன்று தோண்டினார்கள். தாசில்தார், போலீஸ், ஒரு டாக்டர். மேட்டிலிருந்து வெள்ளைத் தூசு காற்றில் வந்து எல்லோர் தலையிலும் படிந்தது. ராஜப்பா மாமா வீடு பூட்டு. ஆந்திராவில் குப்பம் ஊரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

பூட்ஸ் இரண்டும் வந்தபோது அக்கா தள்ளாடினார்கள். தாங்கிப் பிடித்தது மங்கம்மா.

16 ஏப்ரல், திங்கள்

அக்கா பெங்களூருக்குப் போய்விட்டார்கள். நேற்று ஈஸ்டர் அன்று கல்லறையில் அம்மா பக்கத்தில் தம்பிக்கும் பூ வைத்தார்கள். அவரிடம் கடைசிவரை ஒரு வார்த்தை இல்லை. நட்சத்திரத்தை இறக்கி, மடித்து, பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். சாவியை என்னிடம் கொடுக்கவில்லை.

12 ஜூன், செவ்வாய்

ஜாமீனில் வெளியே வந்திருக்கிற அவருக்கு இன்று கோலார் கோர்ட்டில் வாய்தா. முதல் ரயிலுக்கே போனார். வர சாயங்காலமாகும். சோறு மூடி வைத்திருக்கிறேன்.

மளிகைக் கணக்கு எழுதும்போது பழக்கத்தில் கை ‘முனி எண்ணெய்’ என்று எழுதிவிட்டது. அடித்தேன். பக்கத்தில் ‘ஏனோக்குக்கு மெழுகுவத்தி’ என்று எழுதினேன். தனி வரியில் இல்லை, வீட்டுச் செலவோடு.